துடுவெப் பெட்டிக்கு நாமே ராணி வளர்ப்பது: பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பெங்களூரில் மொட்டை மாடியிலோ, ஆனேக்கல், ஒசகோட்டை பக்கம் தோட்டத்திலோ தேனீ வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கூட்டத்தோடு ஒரு பெட்டியை வாங்கித்தான் தொடங்குகிறார்கள். முதல் வருஷம் நன்றாக ஓடும். இரண்டாம் வருஷம் ராணிக்கு வயதாகி முட்டை குறையும். கூட்டம் பிரிந்து பறக்கும், அல்லது மெழுகு அந்துப்பூச்சி ஏறிப் பெட்டி காலியாகும். பிறகு மறுபடி காசு கொடுத்து இன்னொரு கூட்டம். நாலு பெட்டி இருந்தாலே போதும், தேவையான ராணிகளை நாமே வளர்த்துக்கொள்ளலாம். அதைத்தான் இங்கே நாள் கணக்கோடு சொல்கிறோம்.

எல்லாம் இந்தியத் தேனீக்கான கணக்கு. நம்மூரில் அடுக்குத் தேனீ என்போம், இங்கே கன்னடத்தில் துடுவெ. பெட்டி விற்பவரிடமும் தோட்டக்காரரிடமும் ‘துடுவெ ஜேனு’ என்றே கேளுங்கள். வெறும் ‘ஜேனு’ என்றால் அடுக்குமாடிச் சுவரில் தொங்கும் ஹெஜ்ஜேனு, அதாவது மலைத்தேனீ, என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. இத்தாலியத் தேனீக்கு எது மாறும் என்பதை இடையில் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறோம்.

ஒரு விஷயத்தை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வேலைக்காரத் தேனீயும் ராணியும் ஒரே விதமான பெண் முட்டையிலிருந்துதான் வருகின்றன. பொரித்த புழுவுக்குக் கிடைக்கும் உணவுதான் வித்தியாசம். அந்த உணவு, ராயல் ஜெல்லி என்னும் அரசக்கூழ், இளம் செவிலித் தேனீக்களின் தலையிலுள்ள சுரப்பிகளிலிருந்து வருகிறது. ஏறத்தாழ 5 முதல் 15 நாள் வயதுள்ள ஈக்களிடம்தான் அது நன்றாகச் சுரக்கும். ஆகவே நல்ல ராணி வேண்டுமானால் மூன்று காரியம் கூடி வர வேண்டும்: ஒரு நாளுக்கு மேல் வயதாகாத புழு, இளம் ஈக்கள் நெருக்கியடிக்கும் பெட்டி, தடையில்லாமல் வரும் மகரந்தம். முறை இதுதான்: நல்ல தாய்க் கூட்டத்தின் அறையிலிருந்து இளம் புழுவை எடுத்து மெழுகுக் கிண்ணத்தில் வைத்து, ராணியை அகற்றிய ஒரு பலமான பெட்டியில், அதாவது வளர்ப்புப் பெட்டியில், ஊட்ட விடுவோம். இதையே புழு மாற்றுவது என்கிறோம். அதற்கான கைப்பழக்கம் மேலே சொன்ன மூன்றுக்கும் பிறகுதான். கை நடுங்கினாலும் பலமான பெட்டி நல்ல ராணியைக் கொடுத்துவிடும். மெலிந்த பெட்டியில் எவ்வளவு தேர்ந்த கையாலும் நோஞ்சான் ராணிதான் கிடைக்கும்.

எப்போது தொடங்குவது

பெங்களூரில் ராணி வளர்க்க ஏற்ற காலம் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை. மழை ஓய்ந்திருக்கும், மரங்கள் வரிசையாகப் பூக்கத் தொடங்கும். புங்கம் பூக்கும் நேரத்தில் பெட்டிகள் தாமாகவே பொங்கும். ஆனால் புங்கம் பூத்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்தால் ஒரு சிக்கல் வரும். கன்னி ராணி இணை சேரப் பறப்பது பிற்பகலில். ஏப்ரல், மே மாதங்களில் நம்மூர் இடி மழை இறங்குவதும் அதே பிற்பகலில். நாலைந்து நாள் தொடர்ந்து மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தால் ராணி வெளியே போக முடியாது. பொரித்து மூன்று வாரத்துக்குள் இணை சேராத ராணி பிறகு உருப்படியாக முட்டையிடாது. எனவே இணை சேரும் வேலை ஏப்ரல் முதல் வாரத்துக்குள் முடியும்படி, பிப்ரவரியிலேயே புழு மாற்றிவிடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். தூறலும் பூப் பஞ்சமுமாக இருக்கும். சர்க்கரைப் பாகு கொடுத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும், ஆனால் பாகில் புரதம் கிடையாது. மகரந்தம் வராத மாதத்தில் அரசக்கூழ் சுரக்காது.

காலண்டரைவிட நம்பகமான அடையாளம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது: ஆண் அறைகள். அடையின் கீழ் ஓரத்தில், வேலைக்கார அறையைவிடப் பெரிதாக, மூடி குமிழ்போல எழும்பி, நடுவில் ஊசி குத்தியது போன்ற ஒரு துளையோடு தெரியும். அந்தத் துளை இந்தியத் தேனீயின் ஆண் அறைக்கே உரிய அடையாளம், இத்தாலியத் தேனீயில் கிடையாது. முட்டையிலிருந்து ஆண் ஈ வெளிவர ஏறத்தாழ 24 நாள். வெளிவந்த பிறகு இணை சேரும் பருவம் எய்த இன்னும் 10, 12 நாள். ராணியோ முட்டையிட்ட 15, 16 நாளில் வெளியே வந்து, அடுத்த ஒரு வாரத்தில் பறக்கத் தயாராகிவிடும். கணக்குப் போட்டால், ராணிக்கான முட்டைக்கு இரண்டு வாரம் முன்பே ஆண் முட்டை விழுந்திருக்க வேண்டும். மூடிய ஆண் அறைகள் இரண்டு மூன்று பெட்டிகளிலாவது தெரியாமல் புழு மாற்றாதீர்கள். ஆண் அறைகளை வீண் என்று வெட்டி எறியும் பழக்கத்தை டிசம்பரிலேயே நிறுத்திவிடுங்கள்.

தாயைத் தேர்ந்தெடுப்பது

குறைந்தது ஒரு வருஷம் கண்ணால் பார்த்த கூட்டமாக இருக்க வேண்டும். தேன் அதிகம் தருகிறது என்பது மட்டும் போதாது. மாடியில் வைத்திருப்பவர்களுக்குச் சாந்த குணம்தான் முதலில். மூடியைத் திறந்ததும் முகத்துக்கு வரும் கூட்டத்தின் ராணியிலிருந்து மகள்களை எடுத்தால், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை நிச்சயம். அடுத்தது, எளிதில் பிரியாத, ஓடிப்போகாத கூட்டம். அதற்கடுத்தது நோய்.

நோய் என்றால் இந்தியத் தேனீக்குப் பெரும் பயம், தாய்லாந்தின் பெயரால் வழங்கும் தாய் சாக்புரூட் (Thai sacbrood) வைரஸ். 1991-92 வாக்கில் தென்னிந்தியா முழுக்கப் பரவி, பெட்டிகளில் இருந்த இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது இதுதான். அறிகுறி தெளிவானது. அறைக்குள் புழு நிமிர்ந்து, தலை கூராக மேல்நோக்கி நிற்கும். சிறு இடுக்கியால் பிடித்துத் தூக்கினால் நீர் நிரம்பிய பை போல முழுசாக வரும். ஒரே ஒரு புழு அப்படி இருந்தாலும் அந்தக் கூட்டம் தாயாகவும் ஆகாது, வளர்ப்புப் பெட்டியாகவும் ஆகாது. அதன் அடைச் சட்டங்களை வேறு பெட்டியில் நுழைக்கவும் கூடாது.

உங்கள் பெட்டிகள் எல்லாமே ஒரு ராணியின் மகள்களாக இருந்தால் இன்னொரு கேடு வரும். உறவுக்குள் இணை சேர்ந்தால், பெண்ணாக வேண்டிய முட்டைகளில் ஒரு பங்கு ஆண் புழுவாகப் பொரிக்கும். வேலைக்காரத் தேனீக்கள் அதை உடனே அகற்றிவிடும். புழு அடை பொத்தல் பொத்தலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே வேறு வேறு இடங்களில் பிடித்த கூட்டங்களாக மூன்று நாலாவது வைத்திருங்கள். பழைய மரங்களும் பொந்துகளும் உள்ள இடம் பக்கத்தில் இருந்தால் காட்டுக் கூட்டங்களின் ஆண் ஈக்களும் வந்து சேரும். இன்னும் ஆழமாகக் கற்க விரும்புகிறவர்கள் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்தில் விசாரிக்கலாம். அங்கே தேனீ வளர்ப்புக்கென்றே தனித் துறை இருக்கிறது.

சாமான்கள்

ராணிக் கிண்ணங்களைத் தேன்மெழுகில் நாமே செய்வது நல்லது. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிண்ணங்கள் பெரும்பாலும் இத்தாலியத் தேனீக்கான அளவு, உள் விட்டம் சுமார் 9 மி.மீ. இந்தியத் தேனீக்கு 7 முதல் 7.5 மி.மீ. போதும். அகலக் கிண்ணத்தில் வைத்தால் பல புழுக்களைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடும்.

வழவழப்பான மரக்குச்சி ஒன்றை எடுத்து, முனையை உப்புத்தாளால் உருட்டித் தேய்த்து, வெர்னியர் அளவுகோலில் 7.5 மி.மீ. வரும்படி செய்துகொள்ளுங்கள். தடிமனான வண்ணத் தூரிகையின் காம்பே பல சமயம் பொருந்தும். மெழுகை நேரடித் தீயில் உருக்காதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சிறு கிண்ணம் வைத்து உருக்குங்கள். மெழுகு 62, 64 டிகிரியில் உருகும், 70 தாண்ட வேண்டாம். குச்சியை முதலில் குளிர்ந்த நீரில் நனைத்து உதறுங்கள். மெழுகில் 7 மி.மீ. ஆழம் முக்கி எடுங்கள். மெழுகின் பளபளப்பு மங்கியதும் அடுத்த முறை ஒரு மி.மீ. குறைவாக, அதற்கடுத்து இன்னும் குறைவாக. மூன்று நாலு முக்கில் அடிப்பகுதி தடித்தும் விளிம்பு மெலிந்தும் வரும். நீரில் அமிழ்த்தி லேசாகத் திருகினால் கிண்ணம் கழன்றுவிடும். விளிம்பு மெல்லியதாக இருப்பது முக்கியம், அங்கிருந்துதான் ஈக்கள் கட்டத் தொடங்கும். மெழுகு உங்கள் பெட்டிகளிலிருந்தே எடுத்ததாக இருக்கட்டும். மெழுகுவத்திக் கடை மெழுகு பெரும்பாலும் பாரஃபின், அது ஆகாது.

ஒரு வெறும் சட்டத்துக்குள் குறுக்கே ஒரு மரப்பட்டை பொருத்தி, அதன் அடிப்பக்கத்தில் 12 கிண்ணங்களை உருகிய மெழுகால் ஒட்டுங்கள், வாய் கீழ்நோக்கி. இடைவெளி இரண்டு செ.மீ. இத்தாலியத் தேனீயின் பத்துச் சட்டப் பெட்டிக்கு 30 கிண்ணம் கொடுப்பார்கள். அதைப் பார்த்து நாமும் கூட்டக் கூடாது. இந்தியத் தேனீக் கூட்டம் சிறியது, பன்னிரண்டே அதற்குத் தாராளம். அதில் பாதி ஏற்கப்பட்டாலே நல்ல வேலை.

புழு எடுக்க ‘சைனீஸ் கிராஃப்டிங் டூல்’ என்று இணையத்தில் கிடைப்பதோ, 000 எண் ஓவியத் தூரிகையோ போதும். தலையில் மாட்டும் டார்ச், ஈரத் துண்டு இரண்டு, கூர்மையான பிளேடு ஒன்று, சிறு ராணிக் கூண்டுகள், தனிச் சின்னப் பெட்டிகள் மூன்று. அவ்வளவுதான்.

நாள் கணக்கு

புழு மாற்றும் நாளை வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். அன்று ஒரு நாள் லீவு போட்டால், ராணி அறைகளைப் பிரித்து வைக்கும் நாள் ஒன்பது நாள் கழித்து வரும் ஞாயிறாக அமையும், வேலைக்குப் போகிறவர்களுக்குச் சௌகரியம்.

இரண்டு வாரம் முன்பே வளர்ப்புப் பெட்டியைத் தயார் செய்யத் தொடங்குங்கள். இருப்பதிலேயே பலமான, நோயில்லாத கூட்டத்தைத் தேர்ந்து, மற்ற பெட்டிகளிலிருந்து மூடிய புழு அடை இரண்டை, ஈக்களை மென்மையாகத் துலக்கிவிட்டு, அதற்குக் கொடுங்கள். அவை பொரித்து வரும் ஈக்கள்தாம் புழு மாற்றும் நாளில் செவிலி வயதில் இருக்கும். வேறு பெட்டியின் ஈக்களை அப்படியே உதறிச் சேர்ப்பது சண்டையில் முடியும். தினமும் இருட்டிய பிறகு, எடைக்கு எடை சர்க்கரையும் நீரும் கலந்த பாகு 200 மி.லி. வையுங்கள். பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டிகள் கொள்ளையடிக்க வரும்.

திங்கள் காலை, தாய்க் கூட்டத்தின் புழு அடைகளுக்கு நடுவே, புதிதாகக் கட்டிய வெள்ளை அடை ஒன்றை வையுங்கள். கறுத்த பழைய அடை வேண்டாம். இந்தியத் தேனீ பழைய அடையைக் கடித்துத் தள்ளும் குணம் கொண்டது, ராணியும் புது அடையில்தான் விரும்பி முட்டையிடும். செவ்வாய் பார்த்தால் அறையின் அடியில் நூல் துண்டுபோல முட்டைகள் நிற்கும். இல்லையென்றால் வேலையை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். முட்டை மூன்று நாளில் பொரிக்கும், வெள்ளிக் காலை கிடைப்பவை சில மணி நேரமே ஆன புழுக்களாக இருக்கும்.

வியாழன் மாலை, வளர்ப்புப் பெட்டியின் ராணியைக் கண்டுபிடித்து, திறந்த புழு உள்ள அடைகள், ஒரு தேன் அடை, அவற்றில் ஒட்டியிருக்கும் ஈக்கள் ஆகியவற்றோடு ஒரு சின்னப் பெட்டிக்கு மாற்றுங்கள். வளர்ப்புப் பெட்டியில் முட்டையோ இளம்புழுவோ ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. மூடிய புழு அடை, மகரந்த அடை, தேன் அடை மட்டும் இருக்கட்டும். கன்றில்லாத பசுவுக்கு மடி கனத்து நிற்பதுபோல, ஊட்டப் புழுவில்லாத செவிலி ஈக்கள் கூழோடு தவித்துக்கொண்டிருக்கும். அன்றிரவே வெற்றுக் கிண்ணச் சட்டத்தை மகரந்த அடைக்கும் மூடிய புழு அடைக்கும் நடுவே வைத்துவிடுங்கள். விடிவதற்குள் கிண்ணங்களை நக்கி மெருகேற்றி, தங்கள் வாசனையை ஏற்றிவிடும்.

வெள்ளி காலை பத்து மணிக்கு மேல், சாளரங்கள் மூடிய அறையில், மின்விசிறி போடாமல் உட்காருங்கள். பெங்களூர் பிப்ரவரிக் காற்று வறண்டது. அந்த வறட்சிதான் புழு மாற்றுவதில் முதல் எதிரி, குளிர்கூட அடுத்ததுதான். தாய்ப் பெட்டியிலிருந்து அந்த வெள்ளை அடையை எடுத்து, ஈக்களைத் தூரிகையால் மெதுவாக விலக்கி (உதறினால் புழுக்கள் இடம் பெயரும்), வெதுவெதுப்பான ஈரத் துண்டில் சுற்றி உள்ளே கொண்டுவாருங்கள்.

இனி உற்றுப் பார்க்க வேண்டிய இடம். இந்தியத் தேனீயின் வேலைக்கார அறை நாலரை மி.மீ.க்கும் குறைவான அகலம். அதனால் பிளேடை வெந்நீரில் நனைத்து, அறைச் சுவர்களைப் பாதி உயரத்துக்குச் சீவிவிடுங்கள். டார்ச் ஒளியை அறையின் அடிக்கு விட்டுப் பாருங்கள். முட்டையின் அளவே இருக்கும், லேசாக வளைந்த, கிட்டத்தட்டக் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் புழு, ஒரு பால் துளியின் மேல் மிதக்கும். அதுதான் வேண்டும். வெள்ளையாக, வளையம்போலச் சுருண்டு அறையின் அடியை நிரப்பியிருப்பது முற்றிய புழு. அதை எடுப்பது எளிது, அதனாலேயே புதியவர்கள் அதை எடுக்கிறார்கள். அப்படி வளரும் ராணியின் சூலகம் சிறுத்திருக்கும். முட்டை குறைவாக இடும், சீக்கிரமே மாற்றப்படும். சந்தேகம் வந்தால் சிறியதையே எடுங்கள்.

கருவியின் நாக்கைப் புழுவின் முதுகுப் பக்கமாக, அறைச் சுவரையொட்டி இறக்கி, அடியில் நழுவவிட்டு, பால் துளியோடு சேர்த்துத் தூக்குங்கள். கிண்ணத்தின் அடியில் முன்கூட்டியே ஒரு கடுகளவு அரசக்கூழ் வைத்திருங்கள், சம அளவு வெதுவெதுப்பான சுத்த நீர் கலந்தது. ஏதாவது பெட்டியில் இயற்கையாகக் கட்டிய ராணி அறை இருந்தால் அதிலிருந்து கூழ் எடுக்கலாம். அந்தத் துளியின் மேல் புழுவை மிதக்கவிட்டு, கருவியைப் பின்னால் இழுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்க வேண்டும். புழு மூச்சு விடுவது மேல்பக்கத் துளைகளால்தான். புரண்டுவிட்டால் கூழில் மூழ்கிச் செத்துவிடும். புரண்டதையோ நசுங்கியதையோ திருத்த முயலாமல் துடைத்தெறிந்து வேறு எடுங்கள். நாலைந்து கிண்ணம் முடிந்ததும் அவற்றை ஈரத் துணியால் மூடுங்கள். பன்னிரண்டையும் இருபது நிமிடத்துக்குள் முடித்து, சட்டத்தை வளர்ப்புப் பெட்டியில் அதே நடு இடத்தில் இறக்குங்கள். புகை மிகக் கொஞ்சம். பெட்டியை மூடி, அன்று மாலை பாகு வைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

சனி மாலை ஒரே ஒரு முறை சட்டத்தைத் தூக்கிப் பாருங்கள். ஈக்கள் ஏற்றுக்கொண்ட கிண்ணத்தின் விளிம்பில் புது மெழுகு ஏறியிருக்கும், ஈக்கள் அதில் தலையை நுழைத்துக்கொண்டிருக்கும். உதறாமல், விரலால் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் வெண்கூழ் தெரியும். நாலுக்கும் கீழே ஏற்றிருந்தால் மறுநாளே காலிக் கிண்ணங்களில் மீண்டும் புழு வைக்கலாம், வயது வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு.

அடுத்த புதன், புழு மாற்றி ஐந்தாம் நாள், அறைகள் மூடப்பட்டிருக்கும். அன்று செய்யத் தவறக் கூடாத வேலை ஒன்றுண்டு. கிண்ணச் சட்டத்தைத் தவிர மற்ற எல்லா அடைகளையும் ஈக்களை விலக்கி, இரு பக்கமும் ஓரம்வரை பாருங்கள். நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு முட்டையிலோ புழுவிலோ ஈக்கள் தாமாக ராணி அறை கட்டியிருக்கலாம். அதிலிருப்பது உங்கள் புழுக்களைவிட மூத்ததாக இருக்கலாம். அது முதலில் வெளிவந்தால் உங்கள் அறைகள் அத்தனையையும் பக்கவாட்டில் கிழித்துக் கொட்டிக் கொன்றுவிடும். பத்து நாள் உழைப்பு ஒரு மணி நேரத்தில் போகும். அப்படி எது இருந்தாலும் நசுக்கிவிடுங்கள். கிண்ணச் சட்டத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் உதறாதீர்கள், சாய்க்காதீர்கள், வெயிலில் பிடிக்காதீர்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள்வரை உள்ளே இறக்கை உருவாகிக்கொண்டிருக்கும். ஒரு தட்டு பட்டால் இறக்கை சுருங்கிய, பறக்க முடியாத ராணிதான் வரும்.

அறைகளைப் பிரிப்பது

அதற்கடுத்த ஞாயிறு, ஒன்பதாம் நாள். முற்றிய அறையின் நுனியில் ஈக்கள் மெழுகைச் சுரண்டி, உள்ளிருக்கும் பழுப்புக் கூட்டை வெளியே காட்டியிருக்கும். வழுக்கை விழுந்ததுபோல இருக்கும் அந்த நுனியைப் பார்த்தால் இன்னும் இரண்டொரு நாளில் வெளிவரும் என்று அர்த்தம். இந்த வேலையை ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளாதீர்கள். முதல் ராணி வெளிவந்துவிட்டால் மற்றவை பிழைக்காது.

இந்தியத் தேனீக்கு இன்னோர் அவசரமும் உண்டு. ராணியில்லாத பெட்டியில் இத்தாலியத் தேனீயைவிட வேகமாக வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கும். எனவே வளர்ப்புப் பெட்டியை அப்படியே விட்டுவைக்காமல் அதையே பிரித்துச் சின்னப் பெட்டிகளாக்குவதுதான் எங்கள் தீர்மானமான யோசனை. ஒரு பெட்டிக்கு ஈ நிறைந்த புழு அடை இரண்டு, தேனும் மகரந்தமும் உள்ள அடை ஒன்று. மூன்று பெட்டிகள் வரும். பழைய இடத்தில் ஒன்றை வையுங்கள், வயதான ஈக்கள் எல்லாம் அதற்கே திரும்பும். மற்ற இரண்டிலும் ஈக்கள் குறையும் என்பதால் அவற்றுக்கு இளம் ஈக்கள் நிறைந்த இன்னோர் அடையை உதறிவிடுங்கள். அடையில் கொஞ்சம் புழு இருப்பது நல்லது. ஊட்ட ஒன்றும் இல்லாத சின்னக் கூட்டம் எளிதில் ஓடிப்போகும். ஆனால் அது மூன்று நாளைத் தாண்டிய புழுவாக இருக்கட்டும், முட்டையும் இளம்புழுவும் இருந்தால் தாமே ராணி கட்டத் தொடங்கும்.

ராணி அறையை அடியோடு கத்தியால் வெட்டி, நுனி கீழே பார்க்கும்படியே பிடித்து, அலுமினியத் தாளைப் பக்கவாட்டில் சுற்றி, நுனியை மட்டும் திறந்து விடுங்கள். ஈக்கள் ராணி அறையை அழிப்பது பக்கவாட்டில்தான், நுனியில் இல்லை. புழு அடையின் மேல்பாகத்தில் மெழுகோடு அழுத்தி ஒட்டுங்கள். மிஞ்சிய அறைகளை, ராணி கிழடான மற்றப் பெட்டிகளுக்குக் கொடுக்கலாம், அங்கிருக்கும் ராணியை முந்தின நாளே எடுத்துவிட்டு.

வாசலை ஒரு விரல் அகலத்துக்குக் குறைத்துவிடுங்கள். மாடியில் ஒரே நிறப் பெட்டிகளை ஒரே வரிசையில், ஒரே திசை பார்த்து வைப்பது ராணியைத் தொலைக்க நிச்சயமான வழி. இணை சேர்ந்து திரும்பும் ராணி பக்கத்து வாசலில் இறங்கினால் அங்கேயே கொல்லப்படும். வாசல்களை வெவ்வேறு திசைக்குத் திருப்பி, ஒன்றில் நீல வட்டம், ஒன்றில் மஞ்சள் முக்கோணம் என்று வரைந்துவிடுங்கள். தேனீக்குச் சிவப்பு தெரியாது. கால்களுக்கு நீர்க் கிண்ணம் கட்டாயம், சின்னப் பெட்டி எறும்பைத் தாங்காது. கேபிள் கம்பியில் பஞ்சுருட்டானோ கரிச்சானோ உட்காரும் பக்கம் வைக்காமல், மர நிழல் கவியும் பக்கமாக வையுங்கள். கொசு மருந்துப் புகை அடிக்கும் நாள் தெரிந்தால், ஈக்கள் அடங்கிய பிறகு வாசலை வலையால் மூடி, காலையில் திறங்கள்.

காத்திருப்பதும் பார்ப்பதும்

செவ்வாய் அல்லது புதன் ராணி வெளிவரும். வியாழக்கிழமை அறையை மட்டும் எடுத்துப் பாருங்கள். நுனி மூடி வட்டமாக வெட்டப்பட்டு, டப்பா மூடிபோலத் தொங்கிக்கொண்டிருந்தால் ராணி நல்லபடியாக வெளிவந்திருக்கிறது. பக்கவாட்டில் ஓட்டை இருந்தால் உள்ளே இருந்தது கொல்லப்பட்டிருக்கிறது. அந்தப் பெட்டிக்கு உடனே மற்றோர் அறை கொடுங்கள், அல்லது பக்கத்துப் பெட்டியோடு சேர்த்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் பெட்டியைத் தொடாதீர்கள். ஐந்தாறு நாளில் ராணி பறக்கத் தொடங்கும். ஒன்றுக்கு மேற்பட்ட பறப்புகளில் பல ஆண் ஈக்களோடு சேரும். பிற்பகலில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தால் திரும்பி வரும் ராணி வாசனை குழம்பி வழி தவறும், அல்லது மிரண்ட ஈக்கள் அதைப் பந்துபோலச் சூழ்ந்து கொன்றுவிடும். வெளியே நின்று வாசலைப் பாருங்கள், அது போதும். கால்களில் மகரந்தத்தோடு ஈக்கள் விறுவிறுப்பாக நுழைந்தால் உள்ளே காரியம் நடக்கிறது. மாலையில் ஈக்கள் வாசலில் சிதறி ஓடி, எதையோ தேடுவதுபோல அலைந்தால் ராணி திரும்பவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை வேளையில் திறங்கள். ஓர் அறைக்கு ஒரு முட்டை, சரியாக அடி மையத்தில், இடைவெளியில்லாமல் அடுத்தடுத்த அறைகளில் இருக்க வேண்டும். புது ராணி முதல் சில நாள் சில அறைகளில் இரண்டு முட்டை இடலாம், பயப்பட வேண்டாம். ஆனால் பல அறைகளில் நாலைந்து முட்டைகள், அதுவும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேலைக்காரத் தேனீக்களின் வேலை. அந்தப் பெட்டிக்குப் புது ராணி கொடுப்பது வீண். அடைகளை உதறி ஈக்களை மற்றப் பெட்டிகளுக்கு விட்டுவிடுங்கள். வேலைக்கார அறைகளில் மூடிகள் குண்டுமணிபோல எழும்பியிருந்தால், ராணி இருக்கிறது ஆனால் இணை சேரவில்லை, ஆண் ஈக்களை மட்டும் பெறுகிறது. அதையும் நீக்க வேண்டியதுதான். ஆகவேதான் முதல் முட்டையைக் கண்டதும் ராணியை எடுத்துக் கொடுக்காமல், முதல் மூடிய புழு தெரியும்வரை, இன்னும் பத்து நாள், காத்திருக்கச் சொல்கிறோம்.

முட்டை விழுந்தது, ஆனால் புழு அடை பொத்தல். அப்போது முதலில் சாக்புரூட் புழு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், உறவுக்குள் இணை சேர்ந்திருக்கலாம். அடுத்த முறை தாயையும் ஆண் ஈக் கூட்டங்களையும் மாற்றுங்கள். கிண்ணங்கள் எல்லாமே மறுக்கப்பட்டிருந்தால் காரணம் இரண்டில் ஒன்று: வளர்ப்புப் பெட்டியில் ராணியோ திறந்த புழுவோ மிஞ்சியிருக்கிறது, அல்லது புழு காய்ந்துவிட்டது. சில மட்டும் மறுக்கப்பட்டால் அது கைப்பழக்கம், நாலாவது முறைக்குள் சரியாகிவிடும். ராணி அறை குட்டையாக, வழவழவென்று இருந்தால் ஊட்டம் போதவில்லை. நல்ல அறை நீண்டு, வேர்க்கடலைத் தோல்போலச் சொரசொரப்பாக இருக்கும். குட்டையானதைப் பாவம் பார்க்காமல் தள்ளிவிடுங்கள்.

இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர்களுக்கு அதே நாள் கணக்கு பொருந்தும். கிண்ணம் 9 மி.மீ., எண்ணிக்கை 30. வளர்ப்புப் பெட்டியில் ராணியை அப்புறப்படுத்தாமல், கீழறையில் ராணி விலக்கித் தட்டுக்கு (வேலைக்கார ஈ நுழையும், ராணி நுழைய முடியாத தட்டு) அடியில் வைத்து, மேலறையில் கிண்ணம் வளர்க்கும் முறையும் அவற்றிடம் நன்றாக நடக்கும். புழு மாற்றிப் பத்தாம் நாள் அறைகளைப் பிரியுங்கள். வர்ரோவா உண்ணி அதிகமுள்ள பெட்டியை எந்த வேலைக்கும் சேர்க்காதீர்கள்.

புது ராணியைப் பெரிய பெட்டிக்குக் கொடுப்பது

பெரிய பெட்டியின் பழைய ராணியை நீக்கிய மறுநாள் மாலை, புது ராணியை நாலைந்து இளம் ஈக்களோடு கூண்டிலிட்டுக் கொடுங்கள். கூண்டு இல்லாவிட்டால் தீப்பெட்டியில் குண்டூசித் துளைகள் போட்டும் செய்யலாம். வாயை அடைக்க, பொடித்த சர்க்கரையில் தேன் விட்டுச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்த உருண்டை. வெளி ஈக்கள் அதைத் தின்று வழி திறப்பதற்குள் வாசனை பழகிவிடும். இரண்டு புழு அடைகளுக்கு நடுவே கூண்டைச் செருகுங்கள். மறுநாள் பார்த்தால் ஈக்கள் கூண்டின் மேல் சாதாரணமாக நடந்து, உள்ளே உணவு ஊட்டினால் சரி. இறுக்கிப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தால் பெட்டியில் எங்கோ இன்னொரு ராணியோ ராணி அறையோ இருக்கிறது. தேடி எடுங்கள்.

ராணியைக் குறியிட விரும்பினால் இதுவே நேரம், முட்டையிடத் தொடங்கிய பிறகு, கன்னியாக இருக்கும்போது அல்ல. உலகெங்கும் வழக்கிலுள்ள நிறக் கணக்கு இது: வருஷத்தின் கடைசி இலக்கம் 1, 6 என்றால் வெள்ளை, 2, 7 மஞ்சள், 3, 8 சிவப்பு, 4, 9 பச்சை, 5, 0 நீலம். நெஞ்சின் முதுகுப் பக்கத்தில் குண்டூசித் தலையளவு ஒரு புள்ளி, காய ஒரு நிமிடம், பிறகு விடுங்கள். பெட்டி மூடியின் உட்புறத்தில் தாயின் பெயரெண், புழு மாற்றிய தேதி, முதல் முட்டை கண்ட தேதி ஆகிய மூன்றையும் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும்.

பழைய ராணியை உடனே கொல்ல வேண்டியதில்லை. வளர்ப்புப் பெட்டியிலிருந்து பிரித்த சின்னப் பெட்டியில் அது தொடர்ந்து முட்டையிட்டுக்கொண்டிருக்கும். புது ராணிகளில் ஒன்றாவது இணை சேரும்போது தொலையும். அந்தப் பெட்டிக்குப் புழு அடை கொடுத்துக் காப்பாற்ற இந்தக் கூட்டம்தான் உதவும். ஏப்ரல் கடைசிவரை வைத்திருந்து, பிறகு முடிவு செய்யுங்கள்.